மிளகாய்ப் பொடி இல்லாத கொலை

ஆரணிக்காரன் சோழர் காலத்துக் கொலையை நாவலாக எழுதினால் அதில் பட்டுப்புடவை வராமல் இருக்குமா? எனக்கு முதல் பக்கத்திலேயே வந்துவிட்டது. நள்ளிரவு. காஞ்சிபுரத்தில் ஒரு வீடு. தறியில் ஒருத்தி. நாடா 'சடக் சடக்' என்று ஓடுகிறது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொல்லும் சதியை முந்தியில் பூவும் கொடியுமாக நெய்து அனுப்பப் போகிறாள். எழுதி முடித்ததும் எனக்கே புல்லரித்தது.

பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். நாற்பது வருடம் குழித்தறியில் கால் விட்டு உட்கார்ந்தவர்.

"இது எந்த வருசம் நடக்குது?"

"969 வாக்குல, பெரியப்பா."

"ஜாக்கார்டு பொட்டி எப்ப வந்துச்சு?"

தேடினேன். அட்டை வைத்துப் பூப் போடும் அந்தப் பெட்டியைப் பிரான்சில் ஜாக்கார் செய்தது 1804இல். நாடா தானாக ஓடும் விசையை இங்கிலாந்தில் ஜான் கே கண்டுபிடித்தது 1733இல். ஆக, அட்டையும் போயிற்று, 'சடக் சடக்'கும் போயிற்று.

"அட்டை இல்லாம பூப் போட, பக்கத்துல ஒரு பையனை உக்கார வெச்சு நூலைத் தூக்கச் சொல்லணும்" என்றார்.

"சரி, பையனை வெச்சுடறேன்."

"வெச்சுக்கோ. சதி பூரா அவனுக்குத் தெரிஞ்சுடும். காலையில டீக்கடையில சொல்லிடுவான்."

அப்போது டீக்கடையே கிடையாது என்றேன். அன்று நான் ஜெயித்த ஒரே இடம் அதுதான்.

அடுத்த அத்தியாயத்தில் கொலையாளி, காவலன் கண்ணில் மிளகாய்ப் பொடியைத் தூவிவிட்டு உள்ளே நுழைகிறான். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்த்துகீசியர் வந்த பிறகுதான் நம் அம்மியில் ஏறியது. கரிகாலன் காலத்தில் மிளகுதான். மிளகுப் பொடியைத் தூவிப் பார்த்தேன். காவலன் ஏழு முறை தும்மினான், அரண்மனையே விழித்துக்கொண்டது. அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டேன்.

ஆதாரத்தோடு எழுதுவோம் என்று உடையார்குடிக் கல்வெட்டைப் பிடித்தேன். காட்டுமன்னார்கோயில் பக்கம், அனந்தீசுவரர் கோயிலில் இருப்பது. இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டு, அதாவது 987 வாக்கு. கொலைக்கும் இதற்கும் நடுவில் உத்தம சோழன் ஆட்சியே முழுசாக முடிந்திருந்தது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர் இருக்கிறது. கத்தியா, விஷமா? இல்லை. இரவா, பகலா? இல்லை. இருப்பது நிலக்கணக்கு: துரோகிகளின் சொத்தைப் பிடுங்கி விற்ற விவரம். பத்திரப் பதிவு ஆபீசில் துப்பறியப் போனவன் கதி எனக்கு. 1950இல் பொன்னியின் செல்வனைத் தொடங்கிய கல்கி, யார் குத்தியது என்பதைக் கடைசிவரை மூட்டமாகவே விட்டதன் சமர்த்து இப்போதுதான் புரிந்தது.

சொத்து போனவர் பட்டியலைப் பெரியப்பாவுக்குப் படித்தேன். துரோகிகள் மட்டுமல்ல, தம்பிமார், பிள்ளைகள், பேரப்பன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், பெண்ணைக் கட்டியவர்...

"பேரப்பன்னா யாரு?"

"பெரியப்பா."

கொஞ்ச நேரம் தறியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ எவனையாவது கொன்னா என் தறியைத் தூக்கிட்டுப் போவாங்களா?"

"அந்தக் காலத்துல."

"நாவலைச் சீக்கிரம் முடி" என்றார்.

செத்தவனின் தங்கை பெயரில் நம் பக்கத்திலேயே ஒரு கோயில் இருக்கிறதே என்று போளூர் அருகே திருமலைக்கும் போனேன். குந்தவை ஜினாலயம். அண்ணன் சாவைப் பற்றி ஒரு வரியாவது இருக்கும் என்று நம்பினேன். இருந்தது இராசேந்திரனின் வெற்றிப் பட்டியல். அதன் முடிவில் நன்னப்பயன் என்ற வணிகரின் மனைவி சாமுண்டப்பை விளக்குக்கு 20 காசும் அமுதுக்கு 10 காசும் கொடுத்த கணக்கு. மலையிறங்கும்போது கால் வலியும் சேர்ந்துகொண்டது.

இப்போது நாவல் நான்கு பக்கத்தில் நிற்கிறது. கதாநாயகி ஓசையில்லாமல், பூவில்லாமல், வெறும் கட்டம் போட்ட புடவை நெய்கிறாள். நேற்று பெரியப்பா புதிதாக ஒன்று கேட்டார்: "தாரை எதுல சுத்தறா?" நாடாவுக்குள் வைக்கும் நூல்சுருள்தான் தார். ராட்டையில் என்றேன். இந்தியாவில் ராட்டையைப் பற்றித் தெளிவாகச் சொல்லும் பழைய குறிப்பு, இஸாமி 1350இல் எழுதிய பாரசீக நூலில்தான் இருக்கிறதாம். ராட்டை இல்லாமல் தார் சுற்றத் தெரிந்த வாசகர்கள் உடனே எழுதுங்கள். அவள் தறியில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். கரிகாலன் இன்னும் உயிரோடு இருக்கிறான்.