துண்டு போட்டு இடம் பிடிக்கும் மருந்து

கே: நொதியைத் தடுத்தால் உடம்புக்குக் கெடுதல்தானே? அதை ஏன் மருந்து என்கிறார்கள்? (ஒரு வாசகி, அலிப்பூர், கொல்கத்தா)

ப: உங்கள் ஊர் நீதிமன்றத்திலேயே விடை இருக்கிறது, அம்மா! 2011 டிசம்பரில் உங்கள் மாநிலத்துச் சங்ராம்பூரில் கள்ளச்சாராயம் 170 பேருக்கு மேல் பலி கொண்டது. முக்கியக் குற்றவாளிக்கு 2018இல் ஆயுள் தண்டனை விதித்தது அலிப்பூர் நீதிமன்றம்தான்.

அந்தச் சாராயத்தில் கலந்த மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹாலைவிடக் கொடியது, கல்லீரல் நொதி அதை மாற்றத் தொடங்குவதால் உருவாகும் ஃபார்மிக் அமிலம். கண் நரம்பைக் கெடுப்பது அதுதான். ஃபோமெபிசோல் என்ற மருந்து அந்த நொதியில் மெத்தனால் உட்காரும் இடத்தில், பஸ் சீட்டில் துண்டு போடுவதுபோல், முந்திக்கொள்கிறது. இது போட்டித் தடுப்பான். மெத்தனால் கூட்டம் பெருத்தால் துண்டைத் தள்ளிவிடும். உடம்பில் மருந்தின் அளவு குறைந்துவிடாமல் இருக்க அதைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறார்கள்.

இன்னொரு வகையான போட்டியிடாத தடுப்பான் வேறிடத்தில் பற்றி நொதியை முடக்கும். அங்கே கூட்டம் சேர்த்துப் பயனில்லை. பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் இன்னும் மோசம்: நரம்பு நொதியோடு வேதிப் பிணைப்பாகவே ஒட்டிக்கொள்ளும்.

ஃபோமெபிசோல் புது அமிலம் உருவாகாமல் தடுக்கும், அவ்வளவே. ஏற்கெனவே சேர்ந்ததை வெளியேற்ற டயாலிசிஸ் வேண்டும். பார்வை மங்கும்வரை காத்திருக்காமல் குடித்தவரை உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.