காலவகை இயல்: கடற்பாலத்து உரையுடன்

கணினி நிரல் ஒன்று உண்ணும் காலம் இருவகைப்படும்: சுவர்க்கடிகாரக் காலம், செயலிக் காலம். தொடங்கியது முதல் முடிந்தது வரை கடிகாரம் காட்டுவது முன்னது. அதற்குள் செயலி அந்த நிரலுக்கென்றே உழைத்தது பின்னது. யுனிக்ஸ் மரபினர் 'டைம்' என்னும் கட்டளையால் இவற்றை அறிவர். முன்னதை 'ரியல்' என்பர். பின்னதை 'யூசர்', 'சிஸ்' என இரண்டாக்குவர். நிரல் தானே பார்த்த வேலை யூசர். அதற்காக இயங்குதளம் பார்த்துக் கொடுத்தது சிஸ்.

இவ்விரு காலங்களின் உறவால் நிரல்கள் நால்வகைப்படும். எடுத்துக்காட்டெல்லாம் ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைத்து 1924இல் திறந்த ஜொகூர் கடற்பாலமே. வேறு கேட்போர் ஜொகூர் பாருவில் குடியிருந்ததில்லை.

முதலாவது, உழைப்பன. பகா எண் தேடும் நிரல் போல்வன. இரு காலமும் ஏறத்தாழச் சமம். பாலம் சுமார் ஒரு கிலோமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு நிமிடப் பயணம். அப்படிக் கடந்தோர் உண்டு என்று கேள்வி.

இரண்டாவது, காத்திருப்பன. டிஸ்க்கோ நெட்வொர்க்கோ பதில் தரும்வரை உறங்குவன. சுவர்க்காலம் பெரிது, செயலிக் காலம் சிறிது. விடியுமுன் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிக் குடிநுழைவு வரிசையில் நிற்பவர் இவ்வகை. வாடகைக் கணினியில் இவை உறங்கினாலும் கணினி இயக்கத்தில் இருந்த நேரத்துக்குக் கட்டணம் ஏறும்.

மூன்றாவது, வெறுமனே சுழல்வன. 'வந்ததா, வந்ததா' என்று கேட்டபடியே இருப்பவை. ஜாமில் இன்ஜினை அணைக்காத கார்கள் இவை. பெட்ரோல் தீரும், வண்டி நகராது. செயலிக் காலமெல்லாம் உழைப்பே என்று நம்பும் மாணாக்கர் இங்கே இடறுவர்.

நான்காவது, கூடி உழைப்பன. 8 கோர்கள் 10 நிமிடம் முழுமூச்சாக ஓடினால் சுவர்க்காலம் 10, செயலிக் காலம் 80. இது பொருந்துமோ எனின், பொருந்தும். 8 குடிநுழைவு முகப்புகளில் 10 நிமிடம் வேலை நடந்தால் சம்பளக் கணக்கு 80 நிமிடத்துக்கே.

புறனடை: சுவர்க்கடிகாரமே தாவுவதும் உண்டு. 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி முன்தள்ளப்பட, 1982 முந்திப் பிறந்தது. அத்தாவலைக் கடந்து ஓடி, உள்ளூர் நேரத்தைக் கழித்து அளந்த நிரல் எதுவாயினும், அவ்விரவு செய்யாத வேலைக்கு அரைமணி கூடுதலாகக் காட்டியிருக்கும். ஆதலால் இடைவெளி அளப்போர், இடையில் எவரும் தாவவைக்க முடியாமல் முன்னோக்கியே ஓடும் 'மோனோடோனிக்' கடிகாரத்தைக் கொள்க.

இனி, நூற்பயன். ஜொகூர் பாருவின் புக்கிட் சகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில் 5 நிமிடத்தில் ஓடும் என்பது அறிவிப்பு. அது செயலிக் காலம். வீட்டிலிருந்து வேலையிடம் வரை ஆவதே பயணியின் காலம். அத்திட்டத்தின் மெய்யான நுட்பம் வேகமன்று, இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையையும் புறப்படும் நிலையத்திலேயே முடிப்பது. அதாவது ஒரு வரிசையை ஒழிப்பது.

நிரலுக்கும் அதுவே வைத்தியம். சுவர்க்காலம் செயலிக் காலத்தைவிட மிகப் பெரிதெனில் வரிசையைக் குறைக்க. இரு காலமும் நெருங்கினால் கணக்கின் வழியை மாற்றுக. இரண்டையும் பாராமல் புதுச் செயலி வாங்குவோர்க்கு இந்நூல் பயன்படாது. செயலி விற்போர்க்கு அவர்கள் பயன்படுவர்.