காவலுக்கு ஒரு காவல்

கண்காணிப்புக் கேமராவின் காட்சியை உரிமையாளர் ஒருவருக்கே காட்டுவது கஞ்சத்தனம் எனக் கருதியோ என்னவோ, தயாரிப்பாளர் பலர் தொழிற்சாலையிலேயே இட்டு அனுப்பும் இயல்புநிலைக் கடவுச்சொல்லை ‘அட்மின்’, ‘12345’ என ஊரறிய வைத்தனர். இவ்விருந்தோம்பலை மதித்து 2016இல் வந்த மிராய் என்னும் தீநிரல், அத்தகைய கடவுச்சொற்களில் 60 சொச்சத்தை மட்டுமே முயன்று, இலட்சக்கணக்கான கருவிகளுள் நுழைந்து, அவற்றைப் படையாகத் திரட்டியது; அப்படை அக்டோபர் 21 அன்று டைன் நிறுவனத்தின் பெயர்வழங்கிகளை, அதாவது இணையதளப் பெயரை எண்முகவரியாக மாற்றித் தரும் கணினிகளை, முற்றுகையிட, ட்விட்டரும் நெட்ஃபிளிக்சும் மூர்ச்சையாயின. கேமராக்களோ கடமை தவறாது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன. புகுந்த மிராய், முன்பே குடியிருந்த பிற தீநிரல்களை விரட்டி, தான் வந்த வழியையும் அடைத்துவிட்டதால், அக்கேமராக்களின் பாதுகாப்புக்கென உழைத்த பெருமை திருடனையே சாரும்.