முதலையும் மலையும்

வேலூர்க் கோட்டை என்றதும் முதலில் வருவது முதலைக் கதைதான். அகழியில் ஒன்றிரண்டல்ல, 10,000 முதலைகளாம்! யார் எண்ணினார்கள் என்று கேட்காதீர்கள். 1694-ல் செஞ்சியில் உட்கார்ந்து சிவாஜியின் வரலாற்றை மராட்டியில் எழுதிய கிருஷ்ணாஜி அனந்த் சபாசத் சொல்கிறார். கோட்டையே 133 ஏக்கர்தான். ஏக்கருக்கு 75 முதலை என்றால், தீனி போட்டே கஜானா காலியாகியிருக்கும். தனியாக எதிரி எதற்கு?

இவ்வளவு செலவு செய்து மதில் எழுப்பி, அகழி வெட்டிய மகராசர்கள், கிழக்கே ஒரு தடவை அண்ணாந்து பார்த்திருக்கலாம். மலை சார், மலை! மேலே ஏறி நின்றால் கோட்டைக்குள் யார் எங்கே படுத்துத் தூங்குகிறார் என்பது வரை தெரியும்.

1677-ல் சிவாஜி வந்தார். அகழியைப் பார்த்தார், மலையையும் பார்த்தார். முதலையோடு மல்லுக்கட்ட அவருக்கென்ன தலையெழுத்தா? மலைமேல் இரண்டு கோட்டைகள் எழும்பின. இரட்டைப் பிள்ளைகளுக்கு வைக்கிற மாதிரி சாஜரா, கோஜரா என்று பெயர். அங்கிருந்து பீரங்கி முழங்க, கீழே பிஜாப்பூர்த் தளபதி அப்துல்லா கான் மாட்டிக்கொண்டார். ஒரு வாரத்தில் கதை முடிந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? 14 மாதம் அசையவில்லை மனுஷன்!

சிவாஜி அவ்வளவு நாள் காத்திருந்தாரா? ப்ராஜெக்டைத் தொடங்கிவைத்து, பொறுப்பை ஆட்களிடம் விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். 1678-ல் கோட்டை விழுந்தபோது ஆளே இங்கில்லை. பெயர் மட்டும் யாருக்குப் போனது? ஆபீசில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே மலைத்தொடரில் முர்தசாகர் என்று மூன்றாவது கோட்டையும் உண்டு. பெயரைப் படித்ததும் வேலூர்க் கோட்டையின் தலைவராக இருந்த முர்தசா அலி ஞாபகம் வந்துவிடும். 1742-ல் மைத்துனர் நவாப் சப்தர் அலியை வேலூரில் வைத்தே தீர்த்துக்கட்டிவிட்டு, ஆற்காட்டுக்குப் போய் ‘இனி நான்தான் நவாப்’ என்று அறிவித்தார். படை முறைத்தது. புது நவாப் பெண் வேஷம் போட்டுக்கொண்டு, மூடுபல்லக்கில் ராத்திரியோடு ராத்திரியாக வேலூர் வந்து சேர்ந்தார். பல்லக்குத் தூக்கியவர்கள் வழியெல்லாம் எப்படிச் சிரிப்பை அடக்கினார்களோ!

இன்றைக்கு மலையேறினால் பீரங்கியும் கிடையாது, நவாபும் கிடையாது. இடிந்த மதில், சுடுகிற பாறை, மூச்சிரைப்பு. ஆனால் அந்த வியூ அப்படியே இருக்கிறது. அகழி, மதில், நடுவே ஜலகண்டேஸ்வரர் கோபுரம்.

சாமியில்லாத கோயில், அதிகாரமில்லாத கோட்டை என்று வேலூருக்கு ஒரு கேலி உண்டு. சும்மா சொல்லவில்லை. கோட்டைக் கோயிலின் லிங்கம் வெளியே சத்துவாச்சாரியில் இருந்தது. 1981-ல்தான் கோட்டைக்குத் திரும்பியது. அதிகாரமாவது கோட்டையில் இருக்கிறதா? கலெக்டர் ஆபீஸும் சத்துவாச்சாரியில்தான்.

14 மாதமும் பீரங்கியைத் தப்பான பக்கம் திருப்பி வைத்திருந்திருக்கிறார்கள்.