பாடாங் மேஹாவில் ஒரு கடற்படை

எங்கள் பாடாங் மேஹாவில் கடல் கிடையாது. ரப்பரும் செம்பனையும்தான் உண்டு. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஜப்பானியக் கடற்படைக்கு ஒரு கடல் விமானப் பிரிவை அமைத்துக்கொண்டிருக்கிறேன். பயப்பட வேண்டாம், மேசைப் போர் விளையாட்டுக்குத்தான்: அட்டையில் வரைபடம், பாட்டில் மூடிகளில் காய்கள், தீர்ப்புச் சொல்லப் பகடை.

காலம் 1941 டிசம்பர். 8ஆம் தேதி பின்னிரவில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அன்று காலையே நம் பக்கத்துச் சுங்கை பட்டாணி விமானத் தளத்தில் குண்டு விழுந்தது.

"மாமா, நம்ம தோட்டம் எங்க?" என்று அக்கா மகன் வரைபடத்தைத் துழாவினான்.

"பகடைக்கு அடியில பத்திரமா இருக்கு."

முதல் காய், காமிகாவா மாரு. சரக்குக் கப்பலாகக் கட்டப்பட்டு, பிறகு கடல் விமானங்களைச் சுமக்கப் போன கப்பல். அதில் ஓடுதளம் இல்லை. விமானத்தைக் கவண்பொறியில் வைத்து எறிவார்கள். திரும்பி வந்தால் அது கடலில் இறங்கும், கிரேன் போட்டுத் தூக்குவார்கள். ஆகவே முதல் விதி: தூக்கும் சுற்றில் கப்பல் நகரக் கூடாது. இரண்டாம் விதி: அலை பெரிதானால் இறங்குவதற்குப் பகடை உருட்ட வேண்டும். டிசம்பர் மாதத்து அலையைப் பற்றித் திரங்கானுக்காரர்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அடுத்த காய், நேச நாட்டார் 'ஜேக்' என்று பெயர் வைத்த மிதவை விமானம். இரண்டு மிதவை, மூன்று பேர், பின்பக்கம் ஓர் இயந்திரத் துப்பாக்கி.

"ஒண்ணே ஒண்ணா? ஸீரோ போர் விமானத்தைப் போட்டுருங்க மாமா" என்றான் பையன்.

தோட்டத்துத் தண்டல் கத்தி எடுத்துப் பால்மரம் சீவமாட்டார். யார் எந்த நிரையில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார் என்று பார்ப்பார், போய்த் துரையிடம் சொல்வார். அவரைக் கண்டு நடுங்காதவர் உண்டா? கடல் விமானத்தின் ஆயுதமும் அதுதான். பார்ப்பது, சொல்வது.

சொல்ல முடியாமல் போனால் என்ன ஆகும்? டிசம்பர் 7ஆம் தேதி சிங்கப்பூரின் சிலேத்தாரிலிருந்து வந்த பிரிட்டிஷ் 205ஆம் படையணியின் காத்தலினா பறக்கும் படகு ஒன்று ஜப்பானியக் கப்பல்களைத் தேடிப் போனது. காமிகாவா மாருவின் ஜேக் அதைக் கண்டு சுட்டது. பிறகு வந்த போர் விமானங்கள் கதையை முடித்தன. எட்டுப் பேரும் மாண்டார்கள். தளத்துக்கு ஒரு சொல்கூட வந்து சேரவில்லை.

1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் கொக்கலையிலிருந்து இன்னொரு காத்தலினா பறந்தது. அதை ஓட்டிய கனடாக்காரர் பர்ச்சால், ஜப்பானியத் தளபதி நாகுமோவின் கப்பற்படையைக் கண்டார். சுட்டு வீழ்த்தப்படுவதற்குள் செய்தியை அனுப்பிவிட்டார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. குண்டு விழுவதற்கு முன்பே கொழும்பு விழித்துக்கொண்டது.

இரண்டும் ஒரே ரக விமானம். அதனால் பிறந்தது மூன்றாம் விதி: எதிரியைக் கண்ட காத்தலினா, சாவதற்கு முன் ரேடியோவுக்கு ஒரு பகடை உருட்டலாம். ஜேக் பக்கத்தில் இருந்தால் அதில் ஒரு புள்ளி கழியும். செய்தி போய்ச் சேர்ந்தால், விமானம் விழுந்தாலும் வெள்ளைக்காரப் பக்கத்துக்கே புள்ளி.

எல்லாம் சரி, ஜப்பான்காரனாக யார் விளையாடுவது? "அந்தக் காய் சாப்பாட்டு மேசையில இருந்தா நான் சோறு போடமாட்டேன். அவன் காலத்துல தின்ன மரவள்ளிக்கிழங்கே போதும்" என்றார் அக்கா. அக்கா பிறந்தது மெர்டேக்காவுக்குப் பிறகு. கிழங்கு தின்றது பாட்டி. பையனுக்கு இந்த மனக்கசப்பெல்லாம் இல்லை. "சிங்கப்பூர் வரைக்கும் ஜெயிச்சது யாரு?" என்று கேட்டான். "1942 பிப்ரவரி 15 வரைக்கும் ஜப்பான்தான்" என்றேன். மூடிகளை அள்ளிக்கொண்டான்.

நீங்களும் இப்படியொரு படை அமைக்கப் புறப்பட்டால் ஒரு யோசனை: துப்பாக்கிக்குக் கொடுக்கும் புள்ளியைக் குறையுங்கள், கண்ணுக்கும் ரேடியோவுக்கும் கூட்டுங்கள். மேசையைச் சோற்று வேளைக்கு முன் காலி செய்துவிடுங்கள்.