ஆள் வராங்க

தாம்பரத்தில் நான் ஏறும்போதே அந்தப் பை உட்கார்ந்திருந்தது. கறுப்பு லேப்டாப் பை. ஜன்னலோரத்தில் அதன் சொந்தக்காரர், பக்கத்தில் பை, ஓரத்தில் தூங்கி வழியும் இன்னொருவர். செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயில், காலை எட்டேகால். ஒருவர் விடும் மூச்சு அடுத்தவர் பிடரியில் படுகிற நெரிசல். என் பின்னாலேயே ஒரு கீரைக்காரம்மா ஏறினார். அறுபதைத் தாண்டிய வயது. இடுப்பில் கூடை. முழங்காலில் ஏதோ கோளாறு. ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் வைத்தார்.

“தம்பி, பையக் கொஞ்சம் எடுப்பா.”

“ஆள் வராங்க.”

தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பையின் வாரை மட்டும் இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார், கீரைக்காரம்மா தூக்கிக்கொண்டு ஓடிவிடுவாரோ என்னவோ.

சானடோரியம் வந்தது. ஆள் வரவில்லை. குரோம்பேட்டை, பல்லாவரம். ஆள் வரவில்லை. திரிசூலத்துக்கு எதிரில்தான் விமான நிலையம். துபாயிலிருந்து இறங்கி நேராக இந்த இருக்கைக்குத்தான் வருகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். மூட்டையோடு நாலு பேர் ஏறினார்கள். அவர்களில் யாருமே ஆள் இல்லை போலிருக்கிறது. பை அசையவில்லை.

யார் இந்த ஆள்? பல வருடங்களாகத் தேடுகிறேன். இந்தப் பாதையில் மின்சார வண்டி ஓடத் தொடங்கியது 1931இல். மீட்டர் கேஜ் போய் பிராட் கேஜ் வந்தது. 2025 ஏப்ரலில் குளுகுளு பெட்டியோடு ஏசி வண்டியே வந்துவிட்டது. ஆள் மட்டும் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார். கல்கி அவதாரத்துக்குக்கூட இத்தனை இடங்களில் இருக்கை பிடித்து வைத்திருக்க மாட்டார்கள்.

ஊருக்குப் போகும் பேருந்தில் இதே ஆளின் பெயர் கர்ச்சீப். பொங்கலுக்கு முந்தைய இரவு கிளாம்பாக்கத்தில் போய் நின்று பாருங்கள். 2023 கடைசியில் திறந்த புத்தம்புது பேருந்து முனையம், பளபளக்கும் தரை, எல்லாம் இருக்கிறது. வண்டி வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாக உள்ளே பறப்பவை: கைக்குட்டை, துண்டு, தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு, சில சமயம் அலறிக்கொண்டே ஒரு குழந்தை. நம் ஊரில் ஒரு சென்ட் நிலம் வாங்க வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பதிவுத்துறையில் நாள் முழுக்கக் காத்திருப்பு என்று உயிர் போகும். பேருந்து இருக்கைக்கு அந்தத் தொல்லையே கிடையாது. கசங்கிய கர்ச்சீப் ஒன்று போதும், பட்டா ரெடி. வரிசையில் நின்று படி வழியாக ஏறி வந்த கர்ப்பிணி நிற்பார். மூக்கைச் சிந்திய துணி சாய்ந்து உட்கார்ந்துகொண்டு மதுரை வரை போகும்.

படிக்கட்டில் நடக்கும் கூத்து இதைவிட அருமை. வெளியே நிற்கும்போது நம்மவர் தோழர்: “உள்ள எவ்ளோ இடம் இருக்கு, தள்ளிப் போங்கய்யா! மனுசங்கதானே நீங்கள்லாம்?” இரண்டு காலும் படியேறி உள்ளே வந்துவிட்டால் ஜமீன்தார்: “எங்கய்யா ஏறுற? கண்ணு தெரியல? அடுத்த வண்டில வா!” இரண்டு பேச்சுக்கும் நடுவில் இரண்டு விநாடிகூட ஆகியிருக்காது. எம்.எல்.ஏ.க்கள் கட்சி தாவுவதைத் தடுக்க 1985இலேயே சட்டம் போட்டார்கள். படிக்கட்டில் தாவுகிறவரைத் தகுதி நீக்கம் செய்ய எந்தச் சபாநாயகரும் இல்லை.

சட்டமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 155ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். தனக்கென ஒதுக்கப்படாத பெட்டியில், முறையாக ஏற வரும் இன்னொரு பயணியைத் தடுப்பது குற்றம். அபராதம் 200 ரூபாய் வரை. இதை உண்மையிலேயே வசூலிக்கத் தொடங்கினால் ரயில்வேக்குத் தனி பட்ஜெட்டை மறுபடி கொண்டுவந்துவிடலாம்.

போன் ஒலிபெருக்கிக்காரர்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. நாற்பதாயிரத்துக்குப் போன் வாங்கியவருக்கு நானூறு ரூபாய் ஹெட்செட் வாங்கக் காசில்லை, பாவம், விட்டுவிடுவோம். காலை எட்டரை மணிக்கு அவருடைய ரீல்ஸை, அவர் மாமியார் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை, அவர் வாங்கப் போகும் மனையின் விலையை எண்பது பேர் கேட்டே ஆக வேண்டும் என்பது அவரது தொண்டுள்ளம்.

தூங்குகிறவர்களைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். மாநகரப் பேருந்தில் முதியோர், மாற்றுத்திறனாளிகள் என்று ஜன்னலுக்கு மேலே எழுதிய இருக்கைக்கு ஒரு மருத்துவ குணம் உண்டு. கல்லூரிப் பையன் ஏறி உட்காரும்போது நன்றாகத்தான் இருப்பான். அடுத்த நிறுத்தத்தில் ஊன்றுகோலோடு ஒருவர் ஏறியதும் அவனுக்குக் கண் செருகும், தலை சாயும், ஆழ்ந்த சமாதி கூடிவிடும். கண்டக்டர் விசில் ஊதினால் கலையாது. பக்கத்து லாரியின் ஏர் ஹாரனுக்கும் கலையாது. தான் இறங்கும் நிறுத்தத்துக்கு இருபதடி முன்னால் மட்டும் தானாகக் கலையும். இந்தத் தவ வலிமையை வைத்து அந்தக் காலத்தில் இந்திரப் பதவியே வாங்கியிருப்பார்கள். பண்புடைமை என்று முழுசாக ஒரு அதிகாரம், நூறாவது அதிகாரம், எழுதி வைத்த வள்ளுவர் டிரைவருக்குப் பின்னால் பலகையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வருகிறார். அவரால் இறங்கிப் போகவும் முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் எரிச்சல். சிரித்துவிட்டுப் போய்விடலாம். எனக்கு வயிறு எரிவது வேறு ஒரு விஷயத்தில்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் காசு கிடையாது, கட்டணமில்லாச் சீட்டுதான். அன்றிலிருந்து நம் ஆட்களின் வாயில் ஒரு சொல் ஒட்டிக்கொண்டது: ஓசி. வீட்டு வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி, நாலு வீட்டுப் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து அப்பாடா என்று உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் நிற்கிற பெரிய மனுஷர், அவளுக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார்: “ஓசில வர்றதுக்கு சீட்டு வேற.” 2022இல் ஒரு அமைச்சரே மேடையில் இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் பிறகு மென்று விழுங்கினார். அமைச்சர் மேல் அன்று ஊரே பாய்ந்தது, சரிதான். அதே சொல்லைத் தினமும் சொல்கிற பெரிய மனுஷரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

ஐயா பெரிய மனுஷரே, கணக்குப் பார்ப்போமா? சில வருடங்களுக்கு முன்னால் ரயில் டிக்கெட்டிலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள்: பயணத்துக்கு ஆகும் செலவில் சராசரியாக 57 சதவீதத்தைத்தான் ரயில்வே பயணிகளிடம் வசூலிக்கிறது. அப்படியென்றால் நூற்றில் 43 ரூபாய் யார் காசு? நீங்கள் சட்டைப் பையில் கவுரவமாகச் செருகி வைத்திருக்கும் சீசன் டிக்கெட்டும் அந்த வகைதான். அதற்குப் பெயர் மானியம், சலுகை, கன்செஷன். அவள் கையிலிருக்கும் கட்டணமில்லாச் சீட்டுக்கு மட்டும் பெயர் ஓசி. அவள் வாங்குகிற சோப்புக்கும் எண்ணெய்க்கும் வரி இருக்கிறது. உங்கள் வீட்டுப் பாத்திரத்தை அவள் தேய்க்கிற சம்பளத்தில்தான் இருக்கிறது உண்மையான ஓசி. அந்தக் கணக்கைத் தீபாவளிக்கு ஒரு சேலையில் முடித்துவிடுவீர்கள்.

2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கிற மூதாட்டி ஒருவரை, நாற்றம் அடிக்கிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்தில் நின்று கதறிய வீடியோவைத் தமிழ்நாடே பார்த்தது. பணியாளர்களைச் சஸ்பெண்ட் செய்தார்கள். நாமும் போனில் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். மறுநாள் எங்கள் வண்டியில் கருவாட்டுக் கூடையோடு ஒரு அம்மா ஏறியபோது மூன்று பேர் கர்ச்சீப்பை மூக்கில் வைத்தார்கள். அதே கர்ச்சீப். இடம் பிடிக்கவும் ஆகும், ஆளை விரட்டவும் ஆகும்.

வடக்கிலிருந்து வந்த பையன்கள் என்றால் இன்னும் வசதி. திருப்பித் திட்டத் தமிழ் தெரியாது. “ஏய், எந்திரி” என்று சொல்லி, இரண்டு பேரை எழுப்பிவிட்டு உட்கார்ந்த ஒருவரை மாம்பலம் வரை பார்த்துக்கொண்டு வந்தேன். காலை அகட்டி இரண்டு பேர் இடத்தில் அமர்ந்து, மெட்ரோ வேலை எப்போது முடியும், தெருவெல்லாம் தூசி என்று போனில் அலுத்துக்கொண்டார். அந்த மெட்ரோவுக்கு மண் தோண்டுவது இந்த மாதிரிப் பையன்கள்தான். இரண்டு பேரும் கதவோரம் நின்று ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள்.

கவனித்துப் பாருங்கள். இந்த வாய்கள் எல்லாம் ஒரே பக்கம்தான் திறக்கும். பேருந்து முக்கால் மணி நேரம் வராவிட்டால் திறக்காது. வந்த வண்டி நிறுத்தம் தாண்டிப் போய் நின்று, கூட்டம் மொத்தமும் பின்னாலேயே ஓடும்போது திறக்காது. மின்சார ரயிலை நடுவழியில் நிறுத்தி எக்ஸ்பிரசுக்கு வழிவிடும்போது, ஏன் என்று கேட்காது. மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலு பேர் உட்காரும்படி ஒரு நகரத்தை நடத்துகிறவர்களிடம், கூட எத்தனை பெட்டி, கூட எத்தனை பேருந்து என்று ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்காது. ஆனால் நாலாவதாக உட்கார வருகிறவரைப் பார்த்தால் போதும், வீரம் பொங்கிவிடும். ஆள் பலவீனமாக இருந்துவிட்டால் ரோஷம் இரட்டிப்பு. போலீஸ்காரர் ஏறினால் இதே ஜமீன்தார்தான் எழுந்து, இருக்கையைக் கையால் தட்டி, “உக்காருங்க சார்” என்பார்.

கண்டக்டர் கேட்கக் கூடாதா என்பார்கள். 2022இல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, பெண்களை முறைக்கிற, கண்ணடிக்கிற, விசிலடிக்கிற ஆண்களை இறக்கிவிடலாம், போலீசில் ஒப்படைக்கலாம் என்று அவருக்கு அதிகாரம் கொடுத்தார்கள். நல்லதுதான். ஒரு கையில் டிக்கெட் மெஷின், விரலிடுக்கில் மடித்த நோட்டுகள், அக்குளில் சில்லறைப் பை, வாயில் விசில், சுற்றிலும் நூறு பேர். எந்தக் கையால் அவர் சட்டையைப் பிடிப்பார்? அப்படியே பிடித்தாலும், “விடுங்க சார், டைம் ஆகுது, வண்டிய எடுங்க” என்று சொல்லப் போகிறவர்கள் நாம்தான்.

நாம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். இத்தனை வாய் கிழியும் நான், அன்று காலை தாம்பரத்திலிருந்து பரங்கிமலை வரை என்ன செய்தேன்? மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இதை ஒரு கட்டுரையாக எழுதலாமே என்று யோசித்துக்கொண்டு நின்றேன். ‘ஏம்ப்பா, பையை எடுத்து மடியில் வை’ என்று சொல்ல ஐந்து சொல்தான் வேண்டும். ஐந்தும் தொண்டையில் நின்றன. அவர் என்னைவிடக் கொஞ்சம் வாட்டசாட்டமாக வேறு இருந்தார்.

பரங்கிமலையில் ஒரு பெரும்படை ஏறியது. கீரைக்காரம்மா தள்ளாடி, பைக்கு நேராக வந்து நின்றார். கூடையை என் காலடியில் இறக்கினார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு இரண்டு கையாலும் அந்தப் பையைத் தூக்கி, தூங்குகிற குழந்தையைத் தாயிடம் கொடுப்பது போலப் பதமாக அந்த ஆள் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“ஏம்மா, ஆள் வராங்கன்னு சொல்றேன்ல?”

“வந்தா எழுந்துக்கறேன் தம்பி. அதுவரைக்கும் நான்தான் ஆளு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதற்குத் தைரியம் தேவைப்படவில்லை. மாம்பலத்தில் அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது திரும்பிப் பார்த்தேன். பை அந்த ஆளின் மடியிலேயே இருந்தது. அங்கே அதற்குத் தாராளமாக இடம் இருந்தது.