வெட்டுன பாய்மரமா, வெட்டாத பாய்மரமா?

ஏலே பேராண்டி, ஸ்ப்ரே படகு கட்டப் போறேன்னு கெளம்பியிருக்கியாமே? நல்ல காரியம்தான். அதுவும் அச்சு அசலா கட்டணுமாம். ஆணி மொதக்கொண்டு அந்தக் காலத்து ஆணியாத்தான் இருக்கணுமாம். கயிறு சணலா மணிலாவான்னு ராத்திரி ஒறக்கமே இல்லையாம் ஒனக்கு. அந்தக் கயிறு எந்தப் பாய இழுக்கும், எதுல போயி முடியும்னு கேட்டா மட்டும் மேகத்தப் பாக்க.

சரி, உக்காரு. கெழவன் ஒண்ணு கேக்கேன். எந்த ஸ்ப்ரேயக் கட்டப் போற?

என்ன முழிக்க? ஒண்ணுதானே இருந்துச்சுங்கியா? யாரு சொன்னா?

1892ல, அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பக்கம் ஃபேர்ஹேவன்னு ஒரு துறை. ஜோசுவா ஸ்லோகம்னு ஒரு கேப்டன் வேலையத்து நிக்கான். பெரிய பெரிய பாய்க்கப்பல் ஓட்டுன மனுசன். நீராவிக் கப்பல் வந்து அவன் பொழப்புல மண்ணப் போட்டுருச்சு. எபென் பியர்ஸ்னு ஒரு பழைய திமிங்கில வேட்டைக்காரன், "கப்பல் ஒண்ணு தாரேன், கொஞ்சம் மராமத்து பாக்கணும்"னு சொல்லியிருக்கான். போயிப் பாத்தா, அது தண்ணியில இல்ல, வயக்காட்டுல நிக்கு. சிப்பி அள்ளப் போன பழைய படகு, பேரு ஸ்ப்ரே. முட்டுக் குடுத்து, கித்தானப் போட்டு மூடி வச்சிருக்கான். கொஞ்சம் மராமத்தாம்! எபென் பியர்ஸுக்கும் குசும்பு இருந்திருக்கு.

ஒடைக்க ஆளு வந்தாச்சுன்னு ஊரே கூடிப் போச்சு. "ஒடைக்க வரல, திரும்பக் கட்டப் போறேன்"னான் ஸ்லோகம். ஒடனே என்ன கேட்டாங்கங்க? "கட்டுபடியாகுமா?" எந்த ஊராயிருந்தா என்ன, வேடிக்கை பாக்குதவன் வாயில வார கேள்வி ஒண்ணுதான்.

மனுசன் கோடாலியத் தூக்கிட்டான். பக்கத்துல நின்ன ஓக் மரத்த வெட்டி, படகுக்கு அடிமரமான ஏராக்கட்டை செஞ்சான். படகுக்கு விலா எலும்பு மாதிரி இருக்குத வங்குக்கு, நேரா வளந்த எளங்கன்னா பாத்துச் சீவி, பானையில தண்ணி கொதிக்க வச்சு, அந்த ஆவியில வேக வச்சு, கட்டை மேல வளைச்சுக் கட்டிப் போட்டான். அது அப்படியே வளைஞ்சு நின்னுச்சு. மேல ஒண்ணரை இஞ்சு கனத்துல ஜார்ஜியா பைன் பலகை. பழசுல ஒவ்வொண்ணா உருவி, புதுசா ஒவ்வொண்ணா மாட்டி, கடைசியில பழைய ஸ்ப்ரேயில மிச்சம் என்ன இருந்துச்சுங்க? பேரு இருந்துச்சு. நீ அசலு அசலுன்னு கும்பிடுதியே, அதுவே ஒரு நகலு! அதுலயும் அவன் சும்மா இருக்கல. சிப்பிப் படகு ஆழ்கடலுக்குத் தாங்காதுன்னு, பக்கச் சுவர நடுவுல ஒரு அடி, முன்பக்கம் அணியத்துல 18 இஞ்சு, பின்பக்கம் அமரத்துல 14 இஞ்சு ஒசத்திட்டான். நீயா இருந்தா, "ஐயோ, மூலத்துல இப்படி இல்லியே"ன்னு அளவு நாடாவோட அழுதிருப்ப.

கலப்பத்து பாத்த கதை இன்னும் சொகமா இருக்கும். பலகை இடுக்குல மொதல்ல பஞ்சத் திணிச்சு, அதுக்கு மேல சணல் நாரு போட்டு அடிக்கான். கரையில நின்ன ஒருத்தன், "பஞ்சு ஊந்து வெளிய வந்துரும்"ங்கான். இன்னொருத்தனும் ஆமாங்கான். ஸ்லோகம் பதிலுக்கு வாதம் பண்ணல. "என்ன வேகத்துல ஊரும்? அதுக்குள்ள கரை சேந்துறலாமா?"ன்னு கேட்டான். வாய மூடிட்டாங்க. பஞ்சும் ஊரல. நீ என்னடான்னா, எவனோ ஒருத்தன் "அந்தக் கீல் பூசுனா பாவம், இந்த வார்னிஷ் பூசுனா மோட்சம்"னு சொன்னதுக்கு வேலைய நிறுத்திட்டு நிக்க.

செலவு எவ்வளவுங்க? சாமானுக்கு 553 டாலர் 62 சென்ட். கூலி அவன் ஒடம்பு, 13 மாசம். நடுவுல துறையில திமிங்கிலக் கப்பலுக்குச் சில்லறை வேலையும் பாத்துக்கிட்டான், கஞ்சிக்கு வேணும்ல. அணியத்துல நட்டுன ஓக் கட்டை, பின்னால கீலிங் தீவுல பவளப் பாறையில மோதுனப்ப, பாறைதான் ரெண்டா பொளந்துச்சாம். கட்டையில ஒரு கீறலு இல்ல.

1895 ஏப்ரல்ல பாஸ்டன்ல இருந்து கெளம்புனான், ஒத்த ஆளா. அப்ப ஒரே ஒரு பாய்மரம். போற வழியில ப்யூனஸ் ஐரிஸ்ல நிறுத்தி, அந்தப் பாய்மரத்த ஏழடி வெட்டிட்டான். முன்னால நீட்டிக்கிட்டு இருந்த கட்டையில ஒரு அஞ்சடி குறைச்சான். மகெல்லன் நீரிணைக்குள்ள போன பொறகு, அமரத்துல குட்டியா இன்னொரு பாய்மரம் நட்டான். இப்பச் சொல்லு. வெட்டுன ஸ்ப்ரேயா, வெட்டாத ஸ்ப்ரேயா? ஒத்தப் பாய்மரமா, ரெட்டையா? எதுல ஒனக்கு அச்சு அசலு வேணும்?

ஏன் வெட்டுனான்னு யோசிச்சியா? நெட்டை மரம் கரையில பாக்க எடுப்பா இருக்கும். காத்து சாத்துத கடல்ல அது படகக் கவுக்கப் பாக்கும். தனியா ஓட்டுதவனுக்குப் பாய சுருட்ட நெஞ்சுக்குத் தெம்பு வேணும். பின்னால சின்னப் பாய் ஒண்ணு இருந்தா, முன்னால இழுக்குத இழுப்புக்கு ஈடு குடுக்கும். ஏராவும் நெடுக நீளமா இருந்ததால படகு திசை மாறாம ஓடுச்சு. அந்த ஈடு சரியா வந்த பொறகுதான், சுக்கானக் கட்டிப் போட்டுட்டு மனுசன் புத்தகம் வாசிச்சான். தர்ஸ்டே தீவுல இருந்து கீலிங் தீவு வரைக்கும் 2,700 மைல், 23 நாள். அதுல சுக்கானப் பிடிச்சது மூணு மணி நேரங்கூட இல்ல. பாயத் திருத்துத எடம் கடலுல. காகிதத்துல திருத்திட்டா முடிஞ்சுதா?

காகிதம்னதும் ஞாபகம் வருது. அசலப் போயி அளந்துட்டு வாரேன்னியே, எங்க போயி அளப்ப? ஒலகத்தச் சுத்தி 46,000 மைல் ஓடி, 1898 ஜூன்ல பத்திரமா வந்து சேந்தான். பத்து வருசத்துக்கு மேல கழிச்சு, ஒரு நவம்பர் மாசம் அதே படகுல கெளம்புனவன் வரல. படகும் வரல. ஒரு பலகைகூடக் கெடைக்கல. சார்லஸ் மோவர்னு ஒரு ஆளு வரைஞ்ச கோடு இருக்கு, அத வச்சுத்தான் எல்லாரும் கட்டுதாங்க. அதுலயும் சண்டை. ஜான் ஹன்னான்னு ஒரு படகு வரைவுக்காரன், "இது அகலத்துக்குத் தட்டைப் படகு, ஓரளவுக்கு மேல சாஞ்சா நிமிராது, இத நகலெடுக்காதீங்க"ன்னு எழுதுனான். இந்தப் பக்கம், ரோஜர் ஸ்ட்ரவுட்டுன்னு ஒருத்தன் இதே அச்சுல இக்டிரசில்னு ஒண்ணு கட்டி, பெண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு 1930கள்ல ஒலகத்தையே சுத்திட்டு வந்துட்டான். ரெண்டு பேரு சொன்னதும் நெசம்தாம்ல. படகு அகலந்தான். பாரத்த எங்க வைக்க, பாய எப்பக் குறைக்கன்னு தெரிஞ்சவனுக்கு அது போதும்.

பாரம்னதும் ஈயம் வாங்கணும், வார்ப்பு அடிக்கணும்னு ஓடாத. ஸ்லோகம் போட்டது சிமிண்டு. உள்ள கொட்டி, அசையாம முட்டுக் குடுத்துட்டான். ஏராவுக்கு வெளிய ஒரு இரும்புத் துண்டு கெடையாது.

இந்தக் காலத்துல அதே ஸ்ப்ரேய இரும்புலயும் ஃபைபர் கிளாஸுலயும் கட்டுதாங்க. அவங்களப் பாத்து ஒனக்குச் சிரிப்பு. நான் சிரிக்கமாட்டேன். கைக்குக் கெடைச்சதுல கட்டுனவங்க அவங்க. ஸ்லோகமும் அப்படித்தான். கரைக்குப் போயி வர ஒரு சின்னத் தோணி வேணும், முழுத் தோணி வைக்க மேல எடம் இல்ல. என்ன செஞ்சான்? ஒரு பழைய தோணிய ரெண்டா அறுத்து, வெட்டுன பக்கத்தப் பலகை வச்சு அடைச்சான். கரைக்குப் போவவும் அதுதான், துணி தொவைக்கவும் அதுதான், குளிக்கவும் அதுதான். நேரம் பாக்குத நல்ல கப்பல் கடிகாரத்தச் சரி பண்ண 15 டாலர் கேட்டாங்கன்னு அத வீட்டுலயே போட்டுட்டான். யார்மவுத்துல ஒரு தகரக் கடிகாரம் ஒண்ணரை டாலர்னு வச்சிருந்திருக்கான் கடைக்காரன். மூஞ்சி ஒடைஞ்சிருக்கேன்னு ஒரு டாலருக்குப் பேசி வாங்கிட்டான். அதக் கட்டிக்கிட்டுத்தான் ஒலகத்தச் சுத்துனான். செயிண்ட் ஹெலினாவுல ஒருத்தர் ஆசையா ஒரு ஆடு குடுத்தாரு. அது கயிறத் தின்னு, மேற்கிந்தியத் தீவு வரைபடத்தையும் தின்னுட்டு. வரைபடம் இல்லாமலே போயிச் சேந்தான்.

நீ என்ன வாங்கியிருக்க, காட்டு. ஜிபிஎஸ். சரி, நல்லது, வேணும். அத ஏன் தேக்குப் பெட்டிக்குள்ள ஒளிச்சு வைக்க? பழைய காலத்துப் பெட்டி மாதிரி தெரியணுமா? யாருக்கு? மீனுக்கா? பாய்மர உச்சியில கேமரா. அது வெளிய தெரியாம இருக்க, மேல ஒரு மர மூடி. எஞ்சினு உண்டு, ஆனா படத்துல வரக்கூடாது. இவ்வளவு சோடனையும் ஏத்துனா அது படகால, திருவிழாச் சப்பரம் மாதிரில்லா இருக்கு! பித்தளைக் கொக்கிய நாளெல்லாம் தொடைக்கதுக்கு ஒரு ஆளு போடு. பாய ஏத்தி ஒரு தடவையாவது எறக்கிப் பாத்தியா? காத்துல கயிறு சிக்குனா இருட்டுல தடவி அவுக்கத் தெரியுமா? போ, மொதல்ல அதப் பழகு. கயிறு சணலோ நைலானோ, அத அப்பறம் பாப்போம்.

பழசு ஒண்ணு துறையில பாழாக் கெடந்தா அதையே எடுத்துக்கோ. படகு கட்டுத நல்ல ஓடாவி ஒருத்தரு கூட நின்னு ஒரு வங்க மாத்து, ஒரு பலகைய மாத்து. கையில கொப்புளம் வரட்டும். பேரு வேணும்னா ஸ்ப்ரேன்னே வச்சுக்கோ, ஸ்லோகம் வந்து கேஸு போட மாட்டான்.

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். அந்த மனுசனுக்கு நீச்சல் தெரியாது. உருகுவே கரையில அந்த அரைத் தோணி கவுந்தப்பதான், தனக்கு நீந்தத் தெரியாதுன்னு நெனப்பே வந்துச்சாம். அதையும் அச்சு அசலா வச்சுக்கலாம்னு நெனைக்காத. நாளைக்கு வெள்ளன எந்திரிச்சு ஆத்துக்கு வந்துரு. துண்டு கொண்டா, கேமரா வேண்டாம்.